மஜ்ஜை மாற்று வார்டில் உணவு: ஓஸ்லோ வழியாக ஒரு வரலாறு

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் நோயாளியின் பழைய மஜ்ஜை முதலில் அழிக்கப்படுகிறது. கடுமையான கீமோதெரபி மருந்துகளும், சில நேரங்களில் உடல் முழுவதற்குமான கதிர்வீச்சும் சில நாட்களில் இதைச் செய்து முடிக்கின்றன. அதன் பின்னரே கொடையாளரின் ரத்தத் தண்டுச் செல்கள், சாதாரணமாக ரத்தம் ஏற்றுவதைப் போல, ஒரு நாளத்தின் வழியாக உள்ளே செல்கின்றன. அவை எலும்புக்குள் இடம்பிடித்துப் புதிய அணுக்களை உருவாக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும்.

வேகமாகப் பிரியும் செல்கள் எங்கிருந்தாலும் இந்த மருந்துகள் அவற்றைத் தாக்கும். மஜ்ஜையைப் போலவே உடலில் வேகமாகப் பிரிபவை வாயிலிருந்து மலவாய் வரை நீளும் உட்சவ்வின் செல்கள். எனவே சிகிச்சை தொடங்கிய ஒரு வாரத்திற்குள் வாயும் தொண்டையும் புண்ணாகின்றன. எச்சிலை விழுங்குவதே வலியாகிறது. நாக்கில் சுவை மறைகிறது, குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்கின்றன. உடல் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள அதிக உணவு தேவைப்படும் அதே நாட்களில் ஒரு கவளம்கூட உள்ளே இறங்குவதில்லை. இந்த முரணை எப்படித் தீர்ப்பது என்ற கேள்விக்கு மருத்துவம் அரை நூற்றாண்டாக விடை தேடி வருகிறது. உணவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஏற்கெனவே பெயர் பெற்ற ஓஸ்லோ நகரம் அந்தத் தேடலில் தனக்கென ஒரு பங்கை ஆற்றியிருக்கிறது.

உணவை மருந்தாகப் பார்த்த நகரம்

1925க்கு முன் ஓஸ்லோவின் பெயர் கிறிஸ்தியானியா. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பேராசிரியராக இருந்தவர் அக்செல் ஹோல்ஸ்ட். நீண்ட கடற்பயணம் செய்யும் நார்வே மாலுமிகளுக்குக் கால் வீங்கி, மூச்சு முட்டும் ஒரு நோய் வந்தது. 'கப்பல் பெரிபெரி' என்று அது அழைக்கப்பட்டது. தீட்டிய அரிசிச் சோறே உணவாக இருந்த ஆசிய நாடுகளில் பரவலாக இருந்த பெரிபெரியும் இதுவும் ஒன்றா என்று அறிய ஹோல்ஸ்ட் விரும்பினார். குழந்தை மருத்துவரான தெயோடோர் ஃப்ரோலிக்கோடு சேர்ந்து கினிப் பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவற்றுக்குப் பெரிபெரி வரவில்லை. ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி வந்தது. முட்டைக்கோசும் எலுமிச்சையும் கொடுத்தபோது அது நீங்கியது. மனிதனைப் போலவே கினிப் பன்றியின் உடலாலும் வைட்டமின் சி-யை உருவாக்க முடியாது என்பது பின்னாளில் தெரிந்த உண்மை. 1907இல் வெளியான இந்தச் சோதனை, உணவில் ஒரு சிறு பொருள் இல்லாமற் போவதே நோயாகும் என்ற கருத்துக்கு வலுவான அடித்தளமிட்டது.

1934இல் அதே நகரத்தில் மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், மனவளர்ச்சி குன்றிய உடன்பிறந்த இரண்டு குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார். தன் குழந்தைகளுக்கு என்ன ஆயிற்று என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய்தான் அந்தச் சோதனைக்குக் காரணம். புரதத்தில் உள்ள ஃபீனைல்அலனின் என்ற ஒரு பகுதியை உடலால் கையாள முடியாமற் போவதே நோய் என்று அதிலிருந்து தெரிந்தது. ஃபீனைல்கீட்டோனூரியா என இன்று அறியப்படும் இந்த நோய்க்கு 1950களில் கிடைத்த சிகிச்சை, அந்தப் பொருளைக் குறைத்துத் தயாரித்த உணவு. உணவின் கூறுகளை அளந்து மாற்றினால் ஒரு நோயின் போக்கே மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆய்வகத்திற்கு வெளியே, பள்ளிகளிலும் இந்த அக்கறை தெரிந்தது. பள்ளி மருத்துவராகப் பணியாற்றிய கார்ல் ஷ்யோட்ஸ் 1920களின் இறுதியிலும் 1930களிலும் 'ஓஸ்லோ காலை உணவு' என்ற திட்டத்தை உருவாக்கினார். முழுத்தானிய ரொட்டி, பாலாடைக்கட்டி, பால், ஒரு பழம் அல்லது பச்சைக் காரட், குளிர்காலத்தில் ஒரு கரண்டி மீன் எண்ணெய் என்று அது அமைந்தது. அடுப்பு மூட்டாமலே பரிமாறக்கூடிய இந்த உணவு சூடான பள்ளிச் சாப்பாட்டின் இடத்தைப் பிடித்தது. வெளிநாட்டினரும் வந்து பார்த்துப் போகும் அளவுக்கு அது பெயர் பெற்றது. காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டத்தை அறிந்த தமிழர்களுக்கு, பசியைப் போக்குவதும் உடலை வளர்ப்பதும் அரசின் பொறுப்பு என்ற இந்த எண்ணம் அயலானதன்று. இந்தப் பின்னணியோடுதான் ஓஸ்லோவின் மருத்துவமனைகள் மஜ்ஜை மாற்றுக் காலத்திற்குள் நுழைந்தன.

மஜ்ஜை மாற்று ஓஸ்லோவுக்கு வந்த வழி

அமெரிக்க மருத்துவர் டோனால் தாமஸ் 1957இல், கதிர்வீச்சும் கீமோதெரபியும் பெற்ற நோயாளிகளுக்கு மஜ்ஜையை நாளத்தின் வழியாக ஏற்றிய முதல் அனுபவங்களை வெளியிட்டார். அடுத்த ஆண்டு யுகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு ஆய்வு நிலையத்தில் நடந்த விபத்தில் கதிர்வீச்சுக்கு உள்ளானவர்களுக்குப் பாரிஸில் ஜார்ஜ் மத்தே மஜ்ஜை ஏற்றினார். ஆனால் திசுப் பொருத்தத்தைக் கண்டறியும் வழி தெரியாத அந்தக் காலத்தில் பெரும்பாலான முயற்சிகள் தோற்றன. 1968இல் மின்னசோட்டாவில் ராபர்ட் குட், பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு குழந்தைக்குப் பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையைக் கொடுத்து வெற்றி கண்டார். அதன்பின் சியாட்டில் நகரில் தாமஸின் குழு இந்தச் சிகிச்சையை முறையான மருத்துவமாக்கியது. அதற்காக 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நார்வேயில் இந்தச் சிகிச்சை ரிக்ஸ்ஹொஸ்பிடாலெ மருத்துவமனையோடு பிணைந்தது. 'தேசிய மருத்துவமனை' என்று பொருள்படும் அது 1826இல் நிறுவப்பட்டது. அரிய, சிக்கலான நோயாளிகளை நாடெங்கிலுமிருந்து ஏற்றுக்கொள்வதே அதன் பணி. குழந்தைகளுக்கான மஜ்ஜை மாற்று 1970களிலேயே அங்கு தொடங்கியது. பெரியவர்களுக்குக் கொடையாளர் மஜ்ஜையைக் கொடுக்கும் திட்டம் 1985இல் உருவெடுத்தது. 2000இல் மருத்துவமனை நகரின் நடுவிலிருந்த பீலெஸ்த்ரேதெ வளாகத்தை விட்டு, வடக்கே காட்டோரம் அமைந்த கவ்ஸ்டா வளாகத்திற்கு இடம் மாறியது. 1932 முதல் இயங்கும் புற்றுநோய் மருத்துவமனையான ராடியும்ஹொஸ்பிடாலெயோடு ஏற்கெனவே இணைந்திருந்த அது, 2009இல் உல்லேவோல், ஆக்கர் மருத்துவமனைகளோடு சேர்ந்து ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை என்ற பெரிய அமைப்பின் பகுதியாயிற்று.

நோயாளியின் சொந்தத் தண்டுச் செல்களையே சேமித்துத் திரும்பக் கொடுக்கும் முறை பிற நகரங்களுக்கும் பரவியது. கொடையாளரிடமிருந்து பெறும் சிகிச்சைக்கோ நாட்டின் மையமாக ஓஸ்லோவே விளங்குகிறது. வடதுருவ வட்டத்திற்கு அப்பாலுள்ள மீனவ ஊர்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகிறார்கள். வீட்டுச் சமையலிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் விலகி, வாரக்கணக்கில் ஒரு அறைக்குள் இருக்கும் நோயாளிக்கு என்ன உணவு, எந்த வழியில் கொடுப்பது என்பது இங்குள்ள மருத்துவர், நர்ஸ், டயட்டீஷியன் ஆகியோரின் அன்றாடக் கேள்வி.

நாளம் வழியாக உணவு

அந்தக் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை, குடலை விட்டுவிட்டு நேரடியாக ரத்தத்திற்கு உணவு கொடுப்பது. அதற்கான கருவிகள் இரண்டு கண்டங்களில் தனித்தனியாக உருவாயின.

ஸ்வீடனில் ஆர்விட் வ்ரெட்லிண்ட், சோயா எண்ணெயை முட்டை மஞ்சள் கருவின் பாஸ்போலிப்பிடுகளோடு கலந்து, நாளத்தில் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய பால் போன்ற கொழுப்புக் குழம்பை 1960களின் தொடக்கத்தில் தயாரித்தார். இன்ட்ராலிப்பிட் என்ற அந்தக் குழம்பு ரத்தத்தின் செறிவைக் கெடுக்காது. குறைந்த அளவில் மிகுந்த கலோரியைத் தரும். அதனால் கையிலுள்ள சிறிய நாளத்தின் வழியாகவே கொடுக்க முடிந்தது. நார்டிக் மருத்துவமனைகளுக்கு இது கைக்கெட்டிய பொருள். அமெரிக்காவிலோ முந்தைய கொழுப்புக் குழம்புகள் தீங்கு விளைவித்ததால் கொழுப்பின்மீதே நம்பிக்கை போயிருந்தது. வ்ரெட்லிண்டின் குழம்பு அங்கு 1970களின் நடுப்பகுதியில்தான் அனுமதி பெற்றது.

எனவே அமெரிக்கர்கள் வேறு வழியில் சென்றார்கள். 1960களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக், அடர்த்தியான குளுக்கோஸ், அமினோ அமிலக் கரைசலை இதயத்திற்கு அருகிலுள்ள பெரிய நாளத்தில் செலுத்தினார். அங்கே ரத்தம் பெருவெள்ளமாகப் பாய்வதால் கரைசல் உடனே நீர்த்துவிடும். வாய் வழியாக எதுவும் உண்ணாத பீகிள் நாய்க்குட்டிகள் இந்தக் கரைசலைக் கொண்டே வளர்ந்தன. குடல் இல்லாமலும் உடல் வளரும் என்பது முதன்முறையாக நிரூபணமாயிற்று.

மஜ்ஜை மாற்று வார்டுக்கு இதைக் கொண்டுவந்தது ஒரு குழாய். சியாட்டிலில் 1973இல் மருத்துவர் ப்ரோவியாக் நீண்டகாலம் பயன்படும் சிலிகான் குழாயை அறிமுகப்படுத்தினார். 1979இல் ராபர்ட் ஹிக்மன் அதைச் சற்றே அகலமாக்கி, மஜ்ஜை நோயாளிகளுக்கென்றே வடிவமைத்தார். மார்புத் தோலுக்கு அடியில் புதைந்து பெரிய நாளத்தை எட்டும் இந்தக் குழாய் ரத்தம் எடுக்கவும் மருந்து ஏற்றவும் தண்டுச் செல்களைச் செலுத்தவும் உதவியது. அதே குழாயில் உணவையும் ஏற்றலாம் என்பதால், ஊசியைத் தேடாமலே ஒரு நாளின் முழுக் கலோரியையும் கொடுக்க முடிந்தது. வாய்ப்புண் கண்ட நோயாளியைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டிய கட்டாயமும் மறைந்தது. 'குடலுக்கு ஓய்வு' என்பது அந்தக் காலத்தின் வழக்கமான சொல்லாயிற்று.

1987இல் வெளியான இரண்டு சோதனைகள் இந்த நம்பிக்கையின் இரு பக்கங்களையும் காட்டின. மின்னசோட்டாவில் 137 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தொடக்கத்திலிருந்தே நாள வழி உணவும், மற்றவர்களுக்கு நீர்ச்சத்தைக் காக்கும் திரவமும் கொடுக்கப்பட்டன. முதல் குழுவினர் நீண்ட காலம் பிழைத்திருந்தார்கள். உலகெங்கிலும் மஜ்ஜை மாற்று மையங்கள் நாள வழி உணவை வழக்கமாக்கிக்கொள்ள இந்த முடிவு பெரிதும் காரணமாயிற்று. அதே ஆண்டில் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 61 நோயாளிகளில் நாள வழி உணவை, வாயும் குழாயும் வழியாகக் கொடுக்கும் திட்டத்தோடு ஒப்பிட்டது. நாள வழியில் உடல் எடை சிறப்பாகக் காக்கப்பட்டாலும் குழாய்ச் சிக்கல்கள் அதிகமாயின, செலவும் கூடியது, பிழைத்திருத்தலில் தெளிவான வேறுபாடு இல்லை. மின்னசோட்டாவின் ஒப்பீடு உணவுக்கும் வெறும் திரவத்துக்கும் இடையிலானது. பால்டிமோரின் ஒப்பீடு உணவைக் கொடுக்கும் இரண்டு வழிகளுக்கு இடையிலானது. இந்த வேறுபாட்டின் முக்கியத்துவம் பின்னால் வந்த ஆண்டுகளில்தான் முழுமையாக உணரப்பட்டது.

தூய உணவும் அதன் விலையும்

வெள்ளை அணுக்கள் முற்றிலும் இல்லாத வாரங்களில் சாதாரணக் கிருமியும் உயிரைப் பறிக்கும். எனவே தொடக்க காலத்தில் நோயாளிகளை வடிகட்டிய காற்று ஒரே திசையில் ஓடும் அறைகளில் வைத்தார்கள். உணவையும் அதே கண்ணோட்டத்தில் பார்த்தார்கள். அழுத்தக் கொதிகலனில் அல்லது கதிர்வீச்சில் கிருமி நீக்கிய உணவே அந்த அறைகளுக்குள் சென்றது. கிருமியோடு மணமும் நிறமும் பதமும் போயின. சுவையறியாத நாக்குக்குச் சுவையிழந்த உணவு என்பதால் தட்டுகள் தொடப்படாமலே திரும்பின.

பிறகு வந்த மிதமான வடிவம் 'கிருமி குறைந்த உணவு'. பச்சைக் காய்கறி, தோல் நீக்காத பழம், காய்ச்சாத பால், பூஞ்சை படிந்த பாலாடைக்கட்டி, பாதி வெந்த முட்டை ஆகியவை தவிர்க்கப்பட்டன. நார்வேயின் அன்றாடச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டித் துண்டின்மேல் வைத்துத் தின்னும் குளிர்ந்த பண்டங்கள்: பழுப்புப் பாலாடைக்கட்டி, புகையூட்டிய மீன், இறைச்சித் துண்டு, வெள்ளரி. சுடச்சுடச் சமைத்ததையே பாதுகாப்பானது என்று கருதும் விதிமுறைக்கும் இந்தப் பழக்கத்துக்கும் இடையே இயல்பாகவே உரசல் ஏற்படும். பழகிய உணவு விலக்கப்படும்போது நோயாளி குறைவாக உண்பார் என்பது எந்த நாட்டு வார்டுக்கும் பொருந்தும்.

இந்தக் கட்டுப்பாடு உண்மையில் தொற்றைக் குறைக்கிறதா என்ற கேள்வி வெகுகாலம் சோதிக்கப்படாமலே இருந்தது. இத்தாலியில் பல மையங்களைச் சேர்ந்த 222 நோயாளிகளிடையே நடந்து 2023இல் வெளியான சோதனையில், தாராளமான உணவைப் பெற்றவர்களுக்குத் தொற்று கூடவில்லை. கழுவுதல், சூடாக வைத்தல், சரியான குளிர்சாதனம், சமைத்தவுடன் உண்ணுதல் ஆகிய சமையலறை ஒழுக்கங்கள் காக்கின்றன, நீண்ட தடைப்பட்டியல் காப்பதில்லை என்ற கருத்து இப்போது வலுத்து வருகிறது.

குடலுக்குத் திரும்பிய பாதை

நாள வழி உணவின் குறைகள் 1990களில் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. குழாய் வழியாகக் கிருமி நுழைந்தது, ரத்தச் சர்க்கரை ஏறியது, கல்லீரல் சோர்ந்தது. சியாட்டிலில் வீடு திரும்பிய 258 நோயாளிகளிடம் நடந்த, யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாத முறையிலான சோதனை 1997இல் வெளியானது. நாள வழி உணவைத் தொடர்ந்தவர்கள் இயல்பாக உண்ணத் தொடங்க அதிக நாட்கள் எடுத்துக்கொண்டார்கள். நிரம்பிய ரத்தம் பசியை அடக்கிவிட்டது என்பதே அதன் பொருள்.

அதே காலத்தில் சிகிச்சையும் மாறியது. நார்டிக் மஜ்ஜை மாற்றுக் குழு, 167 ரத்தப் புற்று நோயாளிகளில் உடல் முழுதும் கதிர்வீச்சுக்குப் பதிலாக பசல்ஃபான் என்ற மருந்தைப் பயன்படுத்திய சோதனையை 1994இல் வெளியிட்டது. பசல்ஃபானால் கல்லீரலின் சிறு நாளங்கள் அடைபடும் சிக்கல் அதிகம் என்று அது காட்டியது. கல்லீரல் அடைபட்ட நோயாளிக்குத் திரவத்தையும் கொழுப்பையும் எண்ணி எண்ணித்தான் கொடுக்க வேண்டும் என்பதால், சிகிச்சையின் தேர்வே உணவின் அளவையும் தீர்மானித்தது. 1990களின் இறுதியில் மருந்தின் அளவைக் குறைத்த முறைகள் வந்தபோது வாய்ப்புண்ணின் கடுமையும் குறைந்தது. வயதானவர்களும் சிகிச்சை பெற முடிந்தது. எல்லோருக்கும் ஒரே உணவுத் திட்டம் என்ற பழைய வழி பொருந்தாமற் போயிற்று.

தனிச் சத்துகளின்மீதும் நம்பிக்கை எழுந்து தணிந்தது. குடல் செல்களின் எரிபொருளான குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தை நாள உணவில் சேர்த்து 1992இல் பாஸ்டனில் 45 நோயாளிகளிடம் செய்த சோதனையில், மருத்துவமனை வாசம் சராசரியாக 36 நாளிலிருந்து 29 நாளாகக் குறைந்தது. பின்வந்த சோதனைகள் அந்த ஆதாயத்தை அதே உறுதியோடு காட்டவில்லை. ஐரோப்பியச் சத்துணவுச் சங்கம் புற்றுநோயாளிகளுக்கென 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குளூட்டமினைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது.

இதற்கிடையே குடலைப் பற்றிய பார்வையே மாறியது. உணவைக் காணாத குடலின் உட்சவ்வு மெலிகிறது. அங்கு வாழும் நன்மை செய்யும் கிருமிகள் நார்ச்சத்தின்றி வாடுகின்றன. அவற்றின் இடத்தைத் தீங்கு செய்யும் சில இனங்கள் பிடித்துக்கொள்கின்றன. நியூயார்க், டர்ஹாம், ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க், ஜப்பானின் ஹொக்கைடோ ஆகிய இடங்களிலுள்ள நான்கு மையங்களில் 1,362 நோயாளிகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வு, குடல் கிருமிகளின் பன்மை எந்த அளவுக்குக் குன்றுகிறதோ அந்த அளவுக்கு இறப்பும் கூடுவதைக் காட்டியது. கொடையாளர் செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும் 'கொடைசெல் எதிர்வினை' பல நேரங்களில் குடலில்தான் கடுமையாகிறது. எனவே உணவு எந்த வழியில் செல்கிறது என்பது நோயின் போக்கையே தொடும் விஷயமாயிற்று.

இன்றைய வரிசை இது: முடிந்தவரை வாய் வழியாக, போதாதபோது மூக்கு வழியாக வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாயில், குடல் ஏற்கவே மறுத்தால் மட்டும் நாளத்தில். பொதுவான கணக்கு, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 1,500 முதல் 1,800 கலோரி, 60 முதல் 90 கிராம் புரதம். வாய்ப்புண் உச்சத்தில் இருக்கும்போது மூக்குக் குழாயைச் செலுத்துவது வலியும் ரத்தக் கசிவும் தரும். புண் தோன்றுமுன்பே அதைச் செலுத்தினால், தேவைப்படாதவருக்கும் குழாய் இருக்கும். இந்தத் தயக்கமே குழாய் உணவை வெகுகாலம் பின்னுக்குத் தள்ளியது.

ஓஸ்லோவின் சோதனை

நார்வேயில் இந்தத் தயக்கத்தைச் சோதித்துப் பார்க்க அமைப்பும் ஆட்களும் இருந்தன. ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் மருத்துவச் சத்துணவியல் தனிப் பட்டப்படிப்பு. அதில் தேர்ந்த டயட்டீஷியன்களுக்குச் சட்டப்படி அங்கீகாரம் உண்டு. ஐரோப்பிய மன்றம் 2003இல் மருத்துவமனை உணவைப் பற்றித் தீர்மானம் நிறைவேற்றி, சத்துக்குறைவு கவனிப்பாரற்ற நோய் என்று எச்சரித்தது. 2009இல் நார்வே சுகாதார இயக்குநரகம் சத்துக்குறைவைத் தடுக்கவும் குணப்படுத்தவும் தேசிய வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவமனையில் சேரும் நோயாளியின் எடை இழப்பை ஆராய்ந்து, ஆபத்தில் உள்ளவர்களுக்குத் தனித் திட்டம் வகுப்பது அதன் மையக் கருத்து. ஓஸ்லோ ஆய்வாளர்கள் 2010இல், மல்டிபிள் மையலோமா என்ற மஜ்ஜைப் புற்று கண்ட நோயாளிகளின் சத்துநிலை கடுமையான கீமோதெரபியின்போது குன்றுவதைப் பதிவு செய்திருந்தார்கள்.

கொடையாளரிடமிருந்து தண்டுச் செல் பெறுபவர்களிடையே ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனை நடத்திய சோதனை 2018இல் வெளியானது. மஜ்ஜையை முழுமையாக அழிக்கும் கடுமையான சிகிச்சை பெற்ற 117 நோயாளிகள், குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்குத் தேவையை எண்ணிக் கணக்கிட்டு, கலோரியும் புரதமும் பெரும்பாலும் குழாய் வழியாகக் குடலுக்குச் சென்று சேரும்படி தனிப்பட்ட திட்டம் வகுக்கப்பட்டது. மற்ற குழுவுக்கு வார்டின் வழக்கமான கவனிப்பு. முக்கியமாக அளந்தது மூன்று மாதம் கழித்து நோயாளி தன் வாழ்வின் தரத்தை எப்படி மதிப்பிடுகிறார் என்பதை. வாய்ப்புண்ணின் கடுமை, கொடைசெல் எதிர்வினை போன்றவையும் அளக்கப்பட்டன.

முடிவில் இரண்டு குழுக்களுக்கும் இடையே வாழ்க்கைத் தரத்தில் வேறுபாடு தெரியவில்லை. எடையையும் உடலமைப்பையும் பிழைத்திருத்தலையும் ஓராண்டு வரை பின்தொடர்ந்த அறிக்கை 2019இல் வந்தது.

வெற்றிச் செய்தி இல்லாத இந்தச் சோதனைக்கு வரலாற்றில் உறுதியான இடம் உண்டு. உணவைக் கூடுதலாகக் கொடுத்தால் நலமாகும் என்பது யாரும் ஐயுறாத எண்ணம். ஐயுறாத எண்ணத்தையே குலுக்கலில் போட்டுப் பார்த்ததும், கிடைத்த விடையை மறைக்காமல் வெளியிட்டதும் 1907இல் தொடங்கிய ஓஸ்லோ மரபின் தொடர்ச்சி. பெரிபெரியைத் தேடிய ஹோல்ஸ்டுக்கு ஸ்கர்வி கிடைத்தது. எதிர்பாராததை எழுதி வைத்ததால்தான் அது அறிவாயிற்று. நோயாளியிடம் நேரடியாகக் கேட்டு அளந்ததும் கவனிக்கத்தக்கது. நோயாளி தன் நாட்களை எப்படி உணர்கிறார் என்பதை எடைத் தராசு சொல்லாது. புற்றுநோய் நோயாளிகளுக்காக ஐரோப்பாவில் வகுத்த கேள்வித்தாளில் பசியின்மை ஒரு தனிக் கேள்வியாகவே இடம்பெறுகிறது. அப்படிப்பட்ட கேள்வித்தாள்களைக் கொண்டு, மஜ்ஜை மாற்றுக்குப் பின் வாழ்பவர்களின் அனுபவத்தை ஓஸ்லோ ஆய்வாளர்கள் 1990களிலிருந்தே திரட்டி வந்திருக்கிறார்கள்.

வீடு திரும்பிய பின்

மஜ்ஜை மாற்றின் உணவுச் சிக்கல் வார்டோடு முடிவதில்லை. குடலில் கொடைசெல் எதிர்வினை வந்தவருக்கு நாளொன்றுக்கு லிட்டர்கணக்கில் வயிற்றுப்போக்கு போகலாம். அப்போது சியாட்டிலில் 1980களின் தொடக்கத்தில் வகுத்த படிமுறை இன்றும் அடிப்படையாகிறது: முதலில் குடலுக்கு ஓய்வு, பிறகு நீர்த்த பானம், பிறகு கொழுப்பும் பாற்சர்க்கரையும் நார்ச்சத்தும் குறைந்த மென்மையான உணவு, கடைசியில் வழக்கமான சாப்பாடு. வயிற்றுப்போக்கு கண்டவருக்கு முதலில் கஞ்சித்தண்ணீர், பிறகு குழைந்த சோறு, அதன்பின் மோர்ச்சோறு என்று படிப்படியாக ஏற்றும் தமிழ் வீட்டு முறையும் இதே ஒழுங்கில் அமைந்தது. நார்வே வீடுகளில் அந்த இடத்தில் ஓட்ஸ் கஞ்சி நிற்கிறது.

எதிர்வினையை அடக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து தசையைக் கரைத்து, சர்க்கரையை ஏற்றி, எலும்பைச் சன்னமாக்குகிறது. கூடவே தரப்படும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகளின் அளவை பம்ப்ளிமாஸுக்கு நெருங்கிய உறவான கிரேப்ஃப்ரூட் சாறு ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அது விலக்கப்படுகிறது. தோலில் எதிர்வினை வராமலிருக்க வெயிலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஓஸ்லோ அமைந்திருப்பது ஏறக்குறைய 60 பாகை வட அட்சரேகையில். அங்குக் குளிர்கால வெயிலில் தோலால் வைட்டமின் டி-யை உருவாக்க முடியாது. தோல் கருத்தவர்களுக்குக் கோடையிலும் போதாமல் போகலாம். எனவே எலும்பைக் காக்க வைட்டமின் டி-யும் கால்சியமும் வெளியிலிருந்து வர வேண்டும். ஷ்யோட்ஸின் காலை உணவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊற்றிய மீன் எண்ணெய், நார்வே வீடுகளில் குளிர்கால வழக்கமாகத் தொடர்கிறது. மஜ்ஜை நோயாளிக்கு அதன் அளவை மருத்துவர் தீர்மானிக்கிறார்.

ஓஸ்லோவில் ஆயிரக்கணக்கில் வாழும் ஈழத் தமிழர்களையும் இந்த வரலாறு தொடுகிறது. திசுப் பொருத்தம் இனவழி மரபைச் சார்ந்தது. வட ஐரோப்பியர் மிகுந்த கொடையாளர் பதிவேட்டில் தமிழருக்குப் பொருத்தமானவர் கிடைப்பது அரிது. 2009இல் சென்னையில் தொடங்கிய டாத்ரி போன்ற பதிவேடுகளின் தேவை அதனால்தான் எழுகிறது. இந்தியாவில் முதல் மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்தது. 1986இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தன் திட்டத்தைத் தொடங்கி, தமிழ்நாட்டுக்கும் அண்டை நாடுகளுக்கும் பெரிய மையமாக வளர்ந்தது. வேலூரின் வார்டிலும் கவ்ஸ்டாவின் வார்டிலும் உணவுத் தட்டில் உள்ளவை வெவ்வேறு. இட்லி சாம்பாரில் பழகிய நாக்கும் ரொட்டியில் பழகிய நாக்கும் ஒரே மருந்தில் ஒரேபோலச் சுவையிழக்கின்றன. மீண்டு வரும்போது ஒவ்வொன்றும் தான் அறிந்த சுவையைத்தான் தேடும். நோயாளி எந்தச் சமையலில் வளர்ந்தார் என்று கேட்பதும் உணவுச் சிகிச்சையின் பகுதி என்பதை டயட்டீஷியன்கள் தங்கள் தொழிலின் அடிப்படையாக ஏற்றிருக்கிறார்கள்.

நாளத்தில் சொட்டிய பால் நிறக் குழம்பிலிருந்து மூக்கு வழிச் செல்லும் மெல்லிய குழாய்க்கும், கிருமி நீக்கிய தட்டிலிருந்து கழுவிச் சமைத்த சாதாரண உணவுக்கும் இந்தச் சிகிச்சை வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. பழைய கருவி எதுவும் கைவிடப்படவில்லை. குடல் முற்றிலும் செயலிழந்தவருக்கு வ்ரெட்லிண்டின் குழம்பும் ஹிக்மனின் குழாயும் இன்றும் உயிர் காக்கின்றன. யாருக்கு, எந்த நாளில், எந்த வழி என்று முடிவெடுப்பதில்தான் மாற்றம் நிகழ்ந்தது. அந்த முடிவு நோயாளியின் எடையையும் வாய்ப்புண்ணையும் குடலையும் விருப்பத்தையும் பார்த்து நாள்தோறும் புதிதாக எடுக்கப்படுகிறது.